செராமிக்கில் மணிகளின் திசை: வெடிப்பு எந்தப் பக்கம் ஓடும், எவ்வளவு தாங்கும் என்று கண்டறிய முழுமையான வழிகாட்டி

பனை மரத்தை நெடுக்காகப் பிளக்க ஆப்பும் சுத்தியலும் போதும். குறுக்கே தறிக்கப் போனால் கோடரி துள்ளும். திருகோணமலையில் வள்ளம் கட்டும் ஓடாவிமார் பலகையைக் கையில் எடுத்ததும் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்றுதான் முதலில் பார்ப்பார்கள். அலுமினா (அலுமினியம் ஒட்சைடு) போன்ற பொறியியல் செராமிக்குகளிலும் இதே கேள்வி உண்டு. ஆனால் துண்டு முழுக்க வெள்ளையாக, வழவழப்பாக இருப்பதால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

செராமிக் துண்டு என்பது ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட கோடிக்கணக்கான சிறு படிகங்கள். அந்தப் படிகத்தைத்தான் இங்கே மணி என்கிறேன். மணிகள் தட்டையாகவோ குச்சியாகவோ இருந்து ஒரே பக்கம் பார்த்துப் படுத்திருந்தால், துண்டின் வெடிப்பும் வலிமையும் திசைக்குத் திசை மாறும். எவ்வளவு மாறுகிறது என்று நீங்களே செய்து அளந்து பார்ப்பதற்கான வழி இது. தட்டை மணி அலுமினாவை எடுத்துக்கொண்டிருக்கிறேன். என்னிடம் செயல்திட்டம் செய்ய வரும் பிள்ளைகள் வழுக்கும் இடங்களில் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

1. சுமை எந்தப் பக்கம் வரும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பொடியை நிறுப்பதற்கு முன் ஒரு தாளில் துண்டின் படத்தை வரையுங்கள். அதில் மூன்று திசைகளைக் குறியுங்கள்: கூழ் (பொடியைத் தண்ணீரில் கலக்கியது) வார்க்கும்போது ஓடும் திசை ‘ஓ’, அதற்குக் குறுக்கு ‘கு’, தடிப்புத் திசை ‘த’. அடுத்ததாக, வேலை செய்யும்போது இழுவிசை எந்தப் பக்கம் வரும் என்று அம்புக்குறி போடுங்கள்.

வள்ளத்து எஞ்சினின் தண்ணீர்ப் பம்பில் கசிவை அடைக்கும் சீல் வளையம் நல்ல உதாரணம். தண்ணீர் இல்லாமல் பம்ப் ஓடினால் உரசும் முகம் சூடேறி, வளையத்தில் மையத்திலிருந்து வெளிப்பக்கமாக வெடிப்பு ஓடும். அங்கே இழுவிசை வளையத்தைச் சுற்றி வருகிறது. தட்டை மணிகள் உரசும் முகத்துக்கு இணையாகப் படுத்திருந்தால் அந்த வெடிப்பு ஒவ்வொரு தட்டையும் குறுக்கே வெட்டித்தான் போக வேண்டும். தட்டுகள் முகத்துக்குச் செங்குத்தாக, மையத்திலிருந்து வெளியே போகும் திசையில் நின்றால் வெடிப்புக்கு நாமே பாதை வெட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

இதை முதலில் செய்யச் சொல்வதற்குக் காரணம், திசையைப் பின்னால் மாற்ற முடியாது. ஈரக் கூழாக இருக்கும்போது படுத்த மணிகள் சுட்ட பிறகு அதே பக்கம்தான் பார்க்கும்.

2. இரண்டு எண்களையும் பிரித்து வையுங்கள்

வலிமை என்பது துண்டு முறியும்போது அதில் இருந்த தகைப்பு, அதாவது ஓரலகுப் பரப்பில் வரும் விசை. பிளவெதிர்ப்பு என்பது ஏற்கெனவே இருக்கும் வெடிப்பு மேலே நகர்வது எவ்வளவு கடினம் என்பது. புதிதாக வருபவர்கள் இரண்டையும் ஒன்றென்று நினைத்து, மணிகளை வரிசைப்படுத்தினால் வலிமை தானாகக் கூடும் என்று எதிர்பார்க்கிறார்கள். அப்படி இல்லை.

செராமிக் துண்டு முறியும் இடத்தில் எப்போதும் ஒரு குறை இருக்கும்: ஒரு துளை, ஒரு கீறல், ஒரு பெரிய மணி. குறை பெரிதானால் வலிமை குறையும். பிளவெதிர்ப்புக் கூடினால் வலிமையும் கூடும். கணக்காகச் சொன்னால், பிளவெதிர்ப்பு = 1.3 × வலிமை × குறை அளவின் வர்க்கமூலம். 1.3 என்பது மேற்பரப்பில் அரைவட்டமாக இருக்கும் வெடிப்புக்கான எண்.

பிளவெதிர்ப்பு 4 (அலகு: மெகாபாஸ்கல் × மீற்றரின் வர்க்கமூலம்) என்றும் வலிமை 350 மெகாபாஸ்கல் என்றும் வைத்தால், முறிவைத் தொடங்கிய குறை சுமார் 77 மைக்ரோமீற்றர். அது ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிப்பு. தட்டை மணிகள் ஓரிடத்தில் குவிந்து 150 மைக்ரோமீற்றர் குறையாகிவிட்டால், அதே பிளவெதிர்ப்பில் வலிமை 250 அளவுக்கு இறங்கிவிடும். அதாவது மணிகளை வரிசைப்படுத்தும் முயற்சியே வலிமையைக் குறைக்கவும் கூடும். திசை முதலில் மாற்றுவது வெடிப்பின் பாதையை. வலிமை உங்கள் கைச்சுத்தத்தையும் சேர்த்துத்தான் காட்டும்.

3. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நுண்ணிய அலுமினாப் பொடி, மணி அளவு 0.2 முதல் 0.5 மைக்ரோமீற்றர். இதை அடிப்பொடி என்கிறேன். தட்டை வடிவ அலுமினா, 5 முதல் 10 மைக்ரோமீற்றர் அகலம், ஒரு மைக்ரோமீற்றருக்குள் தடிப்பு. இதுதான் வித்து. மொத்தத் திண்மத்தில் எடையளவில் 5 சதவீதம் போதும்.

வித்து ஏன் வேண்டும் என்றால், அடிப்பொடி உருண்டையானது, அதற்குத் திசை தெரியாது. தட்டை வித்து ஓட்டத்தில் படுத்துக்கொள்ளும். சூளையில் அது அக்கம்பக்கத்து நுண்மணிகளைத் தின்று வளரும், வளர்ந்த மணி வித்தின் திசையையே எடுக்கும். வித்துக்கும் அடிப்பொடிக்கும் அளவு வித்தியாசம் இருக்க வேண்டியதும் இதனால்தான். பெரியது சிறியதைத் தின்னும். சம அளவென்றால் வளர்ச்சி நின்றுவிடும்.

மற்றவை: டிஸ்பர்சன்ட் (பொடி ஒட்டிக் குவியாமல் பிரித்து வைக்கும் பொருள்), தண்ணீரில் கரையும் பசை, பசையை வளையச் செய்யும் பொருள், கல்சியம் ஒட்சைடும் சிலிக்காவும் மிகச் சிறிதளவு, போல் மில் (குண்டுகள் உருண்டு அரைக்கும் உருளை), நேரான கண்ணாடித் தட்டு, டொக்டர் பிளேட் (கூழைக் கண்ணாடியில் ஒரே தடிப்பில் வழிக்கும் அலகு), மட்டம் பார்க்கும் கருவி, சூடாக்கக்கூடிய அழுத்தி, வைரச் சக்கரம். நுண்பொடி மூச்சில் போகக் கூடாது, நல்ல முகக்கவசம் கட்டாயம்.

கரைப்பான் வைத்த கூழ் சீக்கிரம் காயும், ஏடும் (கூழை மெல்லிய தாளாகப் பரப்பிக் காயவைத்தது) அழகாக வரும். இருந்தாலும் வீட்டுப் பட்டறையிலும் சிறிய ஆய்வுகூடத்திலும் நான் தண்ணீர்க் கூழையே சொல்வேன். ஆவியும் தீப்பிடிக்கும் பயமும் இல்லாமல் வேலை செய்யலாம்.

4. கூழ்: வித்தைக் கடைசியில் போடுங்கள்

ஒழுங்கு மாறினால் வேலை முழுவதும் வீணாகும் இடம் இது. தண்ணீர், டிஸ்பர்சன்ட், அடிப்பொடி, கல்சியம் ஒட்சைடு, சிலிக்கா எல்லாவற்றையும் போல் மில்லில் ஓர் இரவு ஓட விடுங்கள். அடுத்த நாள் பசையைச் சேர்த்து மெதுவாக ஓட்டுங்கள். கூழை வடிகட்டுங்கள். உருளும் குண்டுகளை எடுத்துவிட்ட பிறகுதான் வித்து.

வித்தை முதலே போட்டால் குண்டுகள் அடித்துத் தட்டுகளை நொறுக்கிவிடும். நொறுங்கிய தட்டு ஓட்டத்தில் படுக்காது. வெளியிலிருந்து பார்த்தால் கூழ் நன்றாகவே இருக்கும். பிழை சுட்ட பிறகுதான் தெரியும். மூன்று வாரம் உழைத்து, நுணுக்குக்காட்டியில் ஒரு தட்டைக்கூடக் காணாமல் நின்ற பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

வித்தைத் தனியாகக் கொஞ்சம் தண்ணீரிலும் டிஸ்பர்சன்டிலும் கலக்கிப் பிரித்துவிட்டு ஊற்றுங்கள். உலர்ந்த தட்டுகளைக் கூழில் நேரே கொட்டினால் அவை சீட்டுக்கட்டு மாதிரி ஒட்டிக்கொண்டு குவியும். 2ஆம் படியில் சொன்ன 150 மைக்ரோமீற்றர் குறை பிறப்பது இங்கேதான்.

கடைசியாக வெற்றிடத்தில் வைத்துக் காற்றை எடுங்கள். எடுக்காவிட்டால் ஒவ்வொரு குமிழும் ஒரு துளையாகும்.

5. ஏடு வார்த்தல்

கண்ணாடியை மட்டம் பார்த்து வையுங்கள். பிளேட்டுக்கும் கண்ணாடிக்கும் இடைவெளி 200 மைக்ரோமீற்றர். பிளேட்டை விநாடிக்கு 10 மில்லிமீற்றர் வேகத்தில், நடுவில் நிறுத்தாமல் இழுங்கள்.

தட்டுகளைப் படுக்க வைப்பது கூழ் அந்த இடைவெளிக்குள் அறுபட்டு (அடிப்பக்கம் நிற்க, மேல்பக்கம் இழுபட்டு) ஓடுவதுதான். வேகத்தை இடைவெளியால் வகுத்தால் அறுப்பு வீதம் கிடைக்கும்: 10 ஐ 0.2 ஆல் வகுக்க விநாடிக்கு 50. இடைவெளியை ஒரு மில்லிமீற்றராக்கினால் அதே வேகத்தில் 10 தான் வரும். சீக்கிரம் முடிக்க வேண்டுமென்று தடித்த ஏடாக வார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். தடித்த ஏட்டில் திசை கலைந்துபோகும், காயும்போது வெடிக்கவும் செய்யும். மெல்லிய ஏடாக வார்த்து நிறைய அடுக்குங்கள்.

இடியப்ப உரல் மாதிரி ஒரு துளையால் பிழிந்து எடுக்கலாமா என்று கேட்பார்கள். குச்சி வடிவ மணிகளுக்கு அது நல்ல வழி. குச்சிகள் ஓட்டத்தோடு நீள்வாக்கில் படுக்கும். ஆனால் துளையின் சுவரோரத்தில் அறுப்புக் கூட, நடுவில் ஒன்றுமில்லை. அதனால் ஓரத்தில் திசை இருக்கும், நடு கலைந்திருக்கும். தட்டை மணிகளைப் பிழிந்தால் அவை வெங்காயத் தோல் போல வளையம் வளையமாகப் படுத்து, அந்த வளையங்களுக்கு இடையே வெடிப்பு ஓடும். தட்டைக்கு ஏடு வார்த்தல்தான் சரி.

இன்னொரு விஷயம். உலர்பொடியை அச்சில் போட்டு ஒரே பக்கமாக அழுத்தினாலும் தட்டுகள் ஓரளவு அழுத்தத்துக்குக் குறுக்காகப் படுத்துவிடும். அழுத்திய வில்லையைத் திசையில்லாத மாதிரி என்று எடுத்து ஒப்பிடாதீர்கள்.

6. காயவைத்தல்: கச்சானும் வாடையும்

ஆனி, ஆடியில் கச்சான் அடிக்கும்போது எங்கள் ஊரில் துணி ஒரு மணித்தியாலத்தில் காயும். அந்தக் காற்று ஏட்டின் மேல் பட்டால் மேல்முகம் முதலில் தோல் கட்டும், கீழே ஈரம் நிற்கும். பிறகு கீழ்ப்பக்கம் சுருங்கும்போது மேல்தோல் விட்டுக்கொடுக்காது. ஏடு சுருளும், இல்லாவிட்டால் வற்றிய குளத்துச் சேறு போல வெடிக்கும். யன்னலைச் சாத்தி, ஏட்டுக்கு மேலே ஒரு பெட்டியைக் கவிழ்த்து, ஒரு மூலையில் மட்டும் சிறு திறப்பு விடுங்கள்.

மார்கழி வாடையில் நேர்மாறு. ஏடு இரண்டு நாளானாலும் ஒட்டும். அவசரப்பட்டு மின்விசிறியை நேராகப் போடாதீர்கள். அறையின் ஈரத்தைக் குறைக்கப் பாருங்கள்.

7. குறியிட்டு, அடுக்கி, அழுத்துதல்

காய்ந்த ஏடு கண்ணாடியில் இருக்கும்போதே, உரிப்பதற்கு முன், ஒவ்வொரு துண்டின் மூலையிலும் ‘ஓ’ திசைக்கு அம்பு கீறுங்கள். மேல்முகம் எது என்றும் குறியுங்கள். ஒரு மூலையைச் சரிவாக வெட்டிவிடுவது இன்னும் நல்லது. மை எரிந்து போகும், வெட்டிய மூலை சூளையிலும் நிற்கும்.

“சேர், இதில எது மேல் பக்கம்?” என்ற கேள்வி அடுக்கும் மேசையில் வந்தால் அந்த ஏட்டைத் தூக்கி வைத்துவிடுங்கள். ஊகித்து அடுக்க வேண்டாம். நான் முதல் முறை செய்த ஒரு கட்டியில் (ஏடுகளை அடுக்கி அழுத்தியதுதான் கட்டி) குறி அழிந்து போயிருந்தது. சுட்டு, வெட்டி, முறித்து, எண்கள் சிதறிக் கிடந்தபோது எந்தச் சட்டம் (கட்டியிலிருந்து வெட்டிய சோதனைத் துண்டு) எந்தத் திசை என்று பிரிக்க வழியே இருக்கவில்லை. அத்தனையையும் விட வேண்டியதாயிற்று.

உலர்ந்த ஏடு சுமார் 100 மைக்ரோமீற்றர் இருக்கும். 60 மில்லிமீற்றர் நீளத் துண்டுகளாக வெட்டி 65 ஏடுகளை அடுக்குங்கள். 75 பாகை செல்சியசில், 20 மெகாபாஸ்கல் அளவு அழுத்தத்தில் பத்து நிமிடம் வையுங்கள். பசை இளகி ஏடுகள் ஒன்றாகும். சூடு போதாவிட்டால் ஏடுகளுக்கு இடையே கண்ணுக்குத் தெரியாத பிரிவு நிற்கும். பிறகு அதை மணிகளின் திசையால் வந்த வெடிப்பு என்று தவறாக வாசிப்பீர்கள்.

8. பசையை எரித்தலும் பயணமும்

200 முதல் 500 பாகை வரை நிமிடத்துக்கு ஒரு பாகைக்கு மேல் ஏற்றாதீர்கள். பசை வாயுவாக வெளியேறும் நேரம் இது. தட்டுகள் படுத்திருப்பதால் வாயு தடிப்புத் திசையில் வெளியேறக் கஷ்டப்பட்டு, ஓரங்கள் வழியாகவே போகும். வேகமாக ஏற்றினால் கட்டி அப்பம் மாதிரி உப்பி ஏடு ஏடாகப் பிரியும்.

1,600 பாகை போகும் சூளை எல்லா இடமும் கிடைக்காது. வெளியூருக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தால், பசை எரிந்த கையோடு 1,000 பாகை வரை ஒரு முதற்சூடு கொடுங்கள். பசை போன கட்டி சுண்ணக்கட்டியை விட மோசம், கையிலேயே உதிரும். முதற்சூடு கண்ட கட்டி பஸ்ஸின் குலுக்கலைத் தாங்கும். பஞ்சில் சுற்றி, படுக்கையாக வையுங்கள்.

சூளை வைத்திருப்பவரிடம் “இந்த மூலை இப்படி இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு வந்தால் போதாது. படம் வரைந்து பெட்டிக்குள் போடுங்கள்.

9. சுட்டெடுத்தல்

இங்கே இரண்டு வேலை நடக்கிறது, ஒன்றன் பின் ஒன்றாக நடக்க வேண்டும். முதலில் நுண்பொடி நெருங்கித் துளைகள் மூட வேண்டும். அதன் பிறகு வித்துகள் வளர வேண்டும். வித்து முந்திக்கொண்டு வளர்ந்தால் துளைகளை உள்ளே விழுங்கிவிடும், அவை பிறகு வெளியேறாது. அதனால் 1,400 பாகையில் ஒரு மணித்தியாலம் நிறுத்தி, பின் 1,600 க்குப் போய் இரண்டு மணித்தியாலம் நிறுத்துங்கள். கல்சியம் ஒட்சைடும் சிலிக்காவும் சேர்ந்து மணிகளுக்கு இடையில் மெல்லிய உருகலாகி வித்து பக்கவாட்டில் பரவ உதவும். அளவு கூடினால் அந்த உருகல் ஆறும்போது கண்ணாடிப் படலமாக நின்று வெடிப்புக்கு வழிவிடும்.

கட்டி எல்லாப் பக்கமும் ஒரே அளவு சுருங்காது. தடிப்புத் திசையில் கூடுதலாகச் சுருங்கும். முன்னும் பின்னும் மூன்று திசையிலும் அளந்து எழுதுங்கள். இந்த வித்தியாசமே திசை உண்டாகியிருக்கிறது என்பதற்கு முதல் அடையாளம்.

ஆறவைப்பது நிமிடத்துக்கு 3 முதல் 5 பாகை. அலுமினாப் படிகம் ஓர் அச்சில் (தட்டை மணியில் அது தட்டுக்குச் செங்குத்து) மற்ற அச்சுகளை விடச் சுமார் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக விரிந்து சுருங்கும். பக்கத்துப் பக்கத்து மணிகள் வெவ்வேறு பக்கம் பார்த்தால் ஆறும்போது ஒன்றையொன்று இழுக்கும். அந்தத் தகைப்பு நூறு மெகாபாஸ்கல் அளவுக்குப் போகக்கூடும். மணி பெரிதாகப் பெரிதாக இது மணி எல்லையில் நுண்வெடிப்பாக வெளிப்படும். எல்லா மணியும் ஒரே பக்கம் பார்த்தால் அண்டை வீட்டுச் சண்டை குறையும். ஆனால் வரிசை தப்பி நிற்கும் ஒரு பெரிய மணி இருந்தால் தகைப்பு அதைச் சுற்றிச் சேரும்.

10. முறிப்பதற்கு முன் சரிபாருங்கள்

முதலில் அடர்த்தி. தண்ணீரில் நிறுத்துப் பாருங்கள். அலுமினாவின் முழு அடர்த்தி ஒரு கன சென்ரிமீற்றருக்கு 3.98 கிராம். ஒரு கட்டி 3.94, இன்னொன்று 3.80 என்றால் அவற்றின் வலிமையை ஒப்பிட்டுத் திசையைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. அது துளைகளின் கதை.

அடுத்தது எக்ஸ்-கதிர். செம்புக் கதிரில் 41.7 பாகைக் கோணத்தில் தட்டுகளின் அடித்தளத்துக்குரிய முகடு வரும். மணிகள் கலைந்து கிடக்கும் அலுமினாவில் அது இருப்பதே தெரியாது. ஏட்டு முகத்தில் தட்டுகள் படுத்திருந்தால் எழுந்து நிற்கும். கதிர் மேற்பரப்பில் சில பத்து மைக்ரோமீற்றர்தான் பார்க்கும் என்பதை மறக்க வேண்டாம். பிளேட்டும் கண்ணாடியும் தொட்ட பக்கம் எப்போதும் நன்றாகவே இருக்கும். ஒரு துண்டை நடுவரை தேய்த்துவிட்டு மறுபடியும் எடுங்கள்.

அதன்பின் குறுக்குமுகத்தை மினுக்கி, 1,450 பாகையில் அரை மணித்தியாலம் சூடு காட்டி, இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பாருங்கள். ஏட்டு முகத்தில் மணிகள் அகன்ற பலகோணமாகவும், குறுக்குமுகத்தில் அடுக்கிய செங்கல் போல நீண்டும் தெரிய வேண்டும். இரண்டு முகத்தையும் பார்க்காமல் திசை உண்டு என்று எழுதாதீர்கள்.

11. சட்டம் வெட்டுதல்

ஒரே கட்டியிலிருந்தே இரண்டு வகைச் சட்டங்களையும் எடுங்கள். வித்துப் போட்ட கலவையையும் போடாத கலவையையும் ஒப்பிடுவது பழைய வழக்கம். அதில் மணி அளவு, துளை, கண்ணாடிப் படலம் எல்லாமே மாறிவிடும்; எது திசையால் வந்தது என்று பிரிக்க முடியாது. ஒரே கட்டியில் திசை மட்டும்தான் மாறும்.

அளவு, வளைப்புச் சோதனைக்கான அமெரிக்கத் தரம் ஏஎஸ்டிஎம் சி1161 இல் உள்ளபடி 3 × 4 × 45 மில்லிமீற்றர். முதல் வகையில் ஏடுகள் படுக்கையாக: 3 மில்லிமீற்றர் தடிப்பு ‘த’ திசையில். இரண்டாவதில் ஏடுகள் நிமிர்ந்து, புத்தகத்தை அலுமாரியில் வைத்த மாதிரி: 4 மில்லிமீற்றர் அகலம் ‘த’ திசையில். 65 ஏடு அடுக்கச் சொன்னது இந்த 4 மில்லிமீற்றருக்காகத்தான்.

வைரச் சக்கரம் சட்டத்தின் நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓட்டினால் ஒவ்வொரு கீறலும் இழுவிசைக்குச் செங்குத்தான ஒரு வெடிப்பு. இழுவிசை வரும் முகத்தின் ஓரங்களை 45 பாகையில் மெல்லச் சரித்துவிடுங்கள்.

12. வளைத்து முறித்தல்

நான்கு புள்ளி வளைப்பு: கீழே 40 மில்லிமீற்றர் இடைவெளி, மேலே 20. வலிமை = 3 × சுமை × 40 ÷ (4 × அகலம் × தடிப்பின் வர்க்கம்). அகலம் 4, தடிப்பு 3, சுமை 420 நியூட்டன் என்றால் 350 மெகாபாஸ்கல் வரும். தடிப்பு வர்க்கத்தில் வருவதால் 0.05 மில்லிமீற்றர் பிழைகூட விடையை 3 சதவீதத்துக்கு மேல் நகர்த்தும். திருகுக்கணிச்சியால் ஒவ்வொரு சட்டத்தையும் அளவுங்கள்.

கடற்கரை ஊரில் இருப்பவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டிய ஒன்று: ஈரக்காற்று. வெடிப்பு நுனியில் நீராவி பட்டால் அலுமினாவின் பிணைப்புகள் மெல்ல அறுந்து, முறியும் சுமைக்குக் கீழேயே வெடிப்பு நகரத் தொடங்கும். மணி எல்லையில் கண்ணாடிப் படலம் இருந்தால் இன்னும் மோசம். படுக்கைச் சட்டங்களை மார்கழி மழையிலும் நிமிர்ந்த சட்டங்களை ஆடிக் கச்சானிலும் முறித்தால் நீங்கள் ஒப்பிடுவது இரண்டு பருவங்களை. இரண்டு வகையையும் ஒரே நாளில், ஒன்றுவிட்டு ஒன்று மாற்றி, ஒரே வேகத்தில் முறியுங்கள். நிமிடத்துக்கு 0.5 மில்லிமீற்றர் சரி.

எத்தனை சட்டம்? சராசரி பார்க்க வகைக்குப் பத்து. எண்கள் எப்படிப் பரவிக் கிடக்கின்றன என்று பேச வேண்டுமானால் முப்பது. மூன்று சட்டம் முறித்துவிட்டு முடிவு எழுதும் பழக்கம் உலோகத்திலிருந்து வந்தது, செராமிக்குக்கு அது ஆகாது.

13. ஏடுகளுக்கு இடையே ஓடும் வெடிப்பு

மேலே சொன்ன இரண்டு வகைச் சட்டத்திலும் வெடிப்பு தட்டுகளைக் குறுக்கே கடக்கிறது. தட்டுகளுக்கு இணையாக ஓடும் சுலபமான பாதையை இன்னும் அளக்கவில்லை. அதற்குச் சட்டம் வெட்ட வேண்டுமானால் கட்டி 45 மில்லிமீற்றர் உயரம் வேண்டும், அது நடக்காது.

விக்கர்ஸ் கடினமானி (வைர நுனியால் அழுத்திக் கடினத்தை அளக்கும் கருவி) உதவும். மினுக்கிய குறுக்குமுகத்தில், வைர நுனியின் ஒரு மூலைவிட்டம் ஏடுகளுக்கு இணையாக, மற்றது செங்குத்தாக இருக்கும்படி வைத்து 98 நியூட்டனில் அழுத்துங்கள். நான்கு மூலையிலிருந்தும் வெடிப்பு கிளம்பும். திசை நன்றாக இருந்தால் இணைப்பக்க வெடிப்பு நீளமாகவும், குறுக்கு வெடிப்பு கட்டையாகவும் நிற்கும். மையத்திலிருந்து அளவுங்கள். ஒன்று 210, மற்றது 130 மைக்ரோமீற்றர் என்றால், நீள விகிதத்தை ஒன்றரை அடுக்குக்கு உயர்த்த, குறுக்கே பிளவெதிர்ப்பு சுமார் இரண்டு மடங்கு.

இந்த முறையை விகிதத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இதிலிருந்து ‘பிளவெதிர்ப்பு இத்தனை’ என்று தனி எண் எழுதாதீர்கள். அதற்கு வெட்டுப்போட்ட சட்டச் சோதனை தனியாக இருக்கிறது. வெடிப்பு போன வழியையும் பாருங்கள். குறுக்கு வெடிப்பு தட்டில் முட்டித் திரும்பி, படி படியாக ஏறி இறங்கியிருக்கும். சில தட்டுகள் வெடிப்பின் இரு கரையையும் பிடித்துக்கொண்டு நிற்கும்.

14. முறிந்த முகம்

முறிக்கும் முன்பே சட்டத்தின் அழுத்தப் பக்கத்தில் ஒட்டுநாடா ஒட்டுங்கள், துண்டுகள் பறக்காது. ஒவ்வொன்றையும் எண் போட்ட உறையில் வையுங்கள். முறிந்த முகத்தைக் கை விரலால் தொட வேண்டாம். இரண்டு பாதியையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கும் பழக்கத்தையும் விடுங்கள், விளிம்பு உதிர்ந்துவிடும்.

இழுவிசைப் பக்கத்தில் வழவழப்பான ஒரு பகுதி, அதைச் சுற்றிச் சொரசொரப்பு, அதிலிருந்து வெளியே விரியும் வரிகள். வரிகளைப் பின்னோக்கித் தொடர்ந்தால் முறிவு தொடங்கிய இடத்துக்குப் போகலாம். அங்கே இருப்பது வித்துக் குவியலா, ஏட்டு இடைப்பிரிவா, வைரச் சக்கரக் கீறலா? அதைப் பொறுத்து அந்தச் சட்டத்தின் எண்ணை வாசியுங்கள். நிமிர்ந்த சட்டங்கள் பலவீனமாக வந்து, எல்லாவற்றிலும் ஏட்டு இடைப்பிரிவே தொடக்கமாக இருந்தால், 7ஆம் படிக்குத் திரும்பிப் போய் அழுத்தும் சூட்டைப் பாருங்கள். மணிகள் மேல் பழி போட வேண்டாம்.

15. வேறு பொருளுக்கு மாறினால்

சிலிக்கன் நைட்ரைடில் மணிகள் குச்சி. அலுமினாத் தட்டுக்கு ‘ஓ’வும் ‘கு’வும் ஏறக்குறைய ஒன்றுதான், குச்சிக்கு அவை வேறு வேறு. ஓட்டத் திசையில் இழுத்தால் வெடிப்பு குச்சிகளைக் குறுக்கே அறுக்கவோ உருவி எடுக்கவோ வேண்டும். வழமையாக 5 முதல் 7 வரை நிற்கும் பிளவெதிர்ப்பு, நன்றாக வரிசைப்பட்டால் 10 ஐத் தாண்டியிருக்கிறது. வலிமையும் 1,000 மெகாபாஸ்கலுக்கு மேல் நின்றிருக்கிறது. குறுக்குத் திசையில் அந்த நன்மை கிடைக்காது.

புல்மோட்டையில் கனிய மணல் எடுப்பதால், சிர்க்கோனும் டைட்டேனியமும் வைத்து ஏதாவது செய்யலாமா என்று பிள்ளைகள் அடிக்கடி கேட்பார்கள். சிர்க்கோனிலிருந்து எடுக்கும் சிர்க்கோனியாவில் மணிகள் உருண்டையாகவே வரும். அதன் பிளவெதிர்ப்பு வெடிப்பு நுனியில் படிகம் வடிவம் மாறுவதால் வருகிறது, திசைக்காக அங்கே மெனக்கெட வேண்டாம். டைட்டேனியம் ஒட்சைடும் அலுமினாவும் சேர்ந்த அலுமினியம் டைட்டனேட் வேறு விஷயம். அது ஓர் அச்சில் பாகைக்குப் பத்து இலட்சத்தில் சுமார் 20 பங்கு விரியும், இன்னோர் அச்சில் சூடாகச் சூடாகச் சுருங்கும். மணி ஒன்றிரண்டு மைக்ரோமீற்றரைத் தாண்டினால் ஆறும்போதே தானாக நுண்வெடிப்புகள் விடும். வலிமை அடிபடும், ஆனால் திடீர்ச் சூட்டை நன்றாகத் தாங்கும். அங்கே முதலில் மணி அளவை அடக்குங்கள், திசை பிறகு.

கையில் அதிகம் கருவி இல்லாதவர்கள் கோடியரைட்டில் (மக்னீசியம், அலுமினியம், சிலிக்கன் ஒட்சைடுகள் சேர்ந்த செராமிக்) தொடங்கலாம். பொரலஸ்கமுவவிலும் மீட்டியாகொடவிலும் கிடைக்கும் கயோலின் என்ற வெண்களியின் மணிகள் இயல்பாகவே தட்டை. மெல்லிய சுவராகப் பிழிந்தால் தட்டுகள் சுவரோடு படுக்கும். டால்க்கும் அலுமினாவும் சேர்த்துச் சுட்டால் வளரும் கோடியரைட்டின் சுருங்கும் அச்சு சுவரின் தளத்திலேயே அமைந்து, சுவர் சூட்டில் விரிவது மிகவும் குறையும். வாகனப் புகைக்குழாயில் இருக்கும் தேன்கூட்டுச் செராமிக் இப்படித்தான் வேலை செய்கிறது. சூளை 1,400 பாகை போனால் போதும். பிழிந்த துண்டையும், அதே களியைக் கையால் உருட்டிச் செய்த துண்டையும் ஒன்றாகச் சுட்டு, இரண்டையும் சூடாக்கித் தண்ணீரில் போட்டு, எது முதலில் வெடிக்கிறது என்று பாருங்கள். பிழிந்த துண்டில் அம்புக்குறி போட மறக்காதீர்கள்.